கவுன்டருக்குப் பின்னால் திறக்கும் ஜன்னல்: காக்ஸ் டவுன் ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே, நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊராருக்கு அப்ளிகேஷன் போட்டுக் கொடுக்கும் தம்பி தங்கைகளே,

பெங்களூரு காக்ஸ் டவுன் மார்க்கெட்டைச் சுற்றியும், வீலர் ரோடு, அசாயே ரோடு பக்கமும், ஜீவனஹள்ளி போகிற வழியிலும் நீங்கள் நடத்தும் ஜெராக்ஸ் கடைகள், கம்ப்யூட்டர் சென்டர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். எந்தக் கடையையும் தனியாகச் சுட்டவில்லை. நான் கேட்க வந்தது ஒன்றுதான். வெப்சைட்டில் ‘சூஸ் ஃபைல்’ அழுத்தியதும் ஒரு ஜன்னல் திறக்கிறதல்லவா, அது எந்த ஃபோல்டரில் திறக்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். கம்ப்யூட்டர் அதன் போக்கில் முடிவு செய்ய விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கடைக்கு வருகிறவர்கள் என்ன எடுத்து வருகிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். 2023-ல் இலவச மின்சாரத்துக்கான கிருஹ ஜோதி திட்டத்துக்கு கர்நாடக அரசின் சேவா சிந்து தளத்தில் பதியச் சொன்னபோது, போனில் செய்யத் தெரியாதவர்கள் எல்லாரும் உங்கள் வாசலில்தான் நின்றார்கள். 2024-ன் கடைசியிலிருந்து இ-காத்தா என்ற டிஜிட்டல் சொத்துப் பதிவுக்காக வீட்டுப் பத்திரம், சொத்து வரி ரசீது, கரன்ட் பில், ஆதார் என்று பை நிறையத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப், ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பாஸ்போர்ட், பி.எஃப். என்று எல்லாம் உங்கள் மேஜை வழியாகத்தான் போகிறது. அரசாங்கம் பலவற்றை ஆன்லைனுக்குக் கொண்டுபோனபோது அரசாங்கக் கவுன்டரின் வேலை உங்கள் தலையில் வந்து விழுந்தது. அதற்கு யாரும் உங்களுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் நீங்கள் அதைச் செய்கிறீர்கள். அந்த மரியாதையோடுதான் இதைச் சொல்கிறேன்.

சில வாரங்களுக்கு முன் ஒரு கடையில் என் முறைக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா, மகளின் ஸ்காலர்ஷிப்புக்காக வந்திருந்தார். தம்பி ‘சூஸ் ஃபைல்’ அழுத்தினான். ஜன்னல் திறந்தது. பெரிய பெரிய படங்களாக, வரிசை வரிசையாக ஆதார் அட்டைகள், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், யாரோ ஒருவரின் இறப்புச் சான்றிதழ். நின்ற இடத்திலிருந்தே ஒரு அக்கவுன்ட் நம்பரை என்னால் படிக்க முடிந்தது. அந்த அம்மாவின் பெயரில் இரண்டு ஃபைல் இருந்தது. நம் ஊர்ப் பெயர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இனிஷியலை விட்டுவிட்டால் காக்ஸ் டவுனில் எத்தனை மேரி, எத்தனை செல்வி! தம்பி ஒன்றை கிளிக் செய்தான், அப்லோட் ஆனது, அடுத்த பெட்டிக்குப் போனான். அந்த அம்மாதான், “அது நான் இல்லப்பா” என்றார். அவர் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த விண்ணப்பம் எங்கேயோ ஒரு அதிகாரியின் திரையில் நிராகரிக்கப்பட்டிருக்கும். காரணம் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு நாள் கூலி போயிருக்கும். இன்னொரு செல்வியின் ஆதாரோ, அவருக்குத் தெரியாமலே, வேறொருவரின் விண்ணப்பத்தோடு அரசாங்க சர்வரில் போய் உட்கார்ந்திருக்கும்.

அந்தத் தம்பியின் மேல் தப்பில்லை. அவன் வேகமாக வேலை செய்கிறவன். தப்பான ஃபோல்டரைத் திறந்தது அவன் அல்ல, அந்த ஜன்னல்.

அந்த ஜன்னல் ஏன் அப்படிச் செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. விண்டோஸில் புரோகிராம் எழுதுகிறவர் பொதுவாக இந்த ஜன்னலைத் தானாக உருவாக்குவதில்லை. விண்டோஸ் தயாராக வைத்திருப்பதைக் கூப்பிட்டுப் பயன்படுத்துகிறார். 1992-ல் விண்டோஸ் 3.1 வந்த காலத்திலிருந்தே இந்த வசதி உண்டு. 2007-ல் விஸ்டாவோடு வந்த புதிய வடிவத்தில் புரோகிராம் எழுதுகிறவருக்கு இரண்டு கட்டளைகள் கொடுத்தார்கள். ஒன்று, எப்போதும் இந்த ஃபோல்டரில்தான் திற என்பது. இன்னொன்று, கடைசியாகப் போன இடம் ஞாபகத்தில் இல்லையென்றால் மட்டும் இந்த ஃபோல்டரில் திற என்பது. பெரும்பாலான புரோகிராம்கள் இரண்டாவதோடு நின்றுவிடுகின்றன. செட்டிங்ஸில் போய் ஃபோல்டரை மாற்றி வைத்த பிறகும், “அண்ணா, மாத்தினேன், ஆனா பழைய இடத்துலயே தொறக்குது” என்று நீங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். நீங்கள் மாற்றியது ஆரம்ப இடத்தை. ஜன்னல் கேட்பது தன் ஞாபகத்தை. ஞாபகம் இருக்கும்வரை ஆரம்ப இடத்துக்கு வேலையே கிடையாது.

அந்த ஞாபகமும் ஒரே இடத்தில் இல்லை. விண்டோஸ் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனியாக, கடைசியாகப் போன ஃபோல்டரை ரெஜிஸ்ட்ரியில் ‘காம்டிஎல்ஜி32’ என்ற பெயருக்குக் கீழே குறித்து வைக்கிறது. (கம்ப்யூட்டர் குற்றங்களைப் புலனாய்வு செய்கிறவர்கள் தேடிப் போகும் இடங்களில் இதுவும் ஒன்று. யார் எந்த ஃபோல்டருக்குப் போனார்கள் என்று அது சொல்லிவிடும்.) குரோம் இதை நம்பாமல் தன் புரொஃபைலுக்குள்ளேயே தனியாக ஒரு குறிப்பு வைத்துக்கொள்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் ஒரு ஃபோல்டரை ஞாபகம் வைக்கும். சேவா சிந்துவில் ஒரு இடத்தில் திறப்பதும், பாஸ்போர்ட் சைட்டில் வேறு இடத்தில் திறப்பதும் அதனால்தான். வீட்டில் ஒரே ஆள் பயன்படுத்தும் கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் நல்ல வசதி. காலையிலிருந்து ராத்திரிவரை புதுப்புது ஆட்கள் வந்துபோகும் கம்ப்யூட்டரில் அந்த ஞாபகம் எப்போதும் முந்தைய ஆளுடையது.

இதற்கு நான் சொல்லும் வழி, அந்த ஞாபகத்தை அழித்துக்கொண்டே இருப்பதல்ல. அதற்கு ஒரே ஒரு இடத்தைப் பழக்கிவிடுங்கள். அந்த இடத்தில் எப்போதும் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் ஃபைல் மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

டி டிரைவில் ‘டுடே’ என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். டி டிரைவ் இல்லையென்றால் சி-யில் போட்டாலும் சரிதான். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ் என்று போய் அதை இந்த ‘டுடே’ ஃபோல்டருக்குத் திருப்பிவிடுங்கள். டி டிரைவையே நேரடியாகக் காட்டிவிடாதீர்கள். டிரைவ் முழுவதும் டவுன்லோட்ஸ் ஃபோல்டராக மாறிப்போய், திரும்பப் பழையபடி கொண்டுவருவது பெரும்பாடு. குரோமின் செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதியிலும் இதே இடத்தைக் காட்டுங்கள். ஸ்கேனரோடு வந்த புரோகிராமிலும், ஸ்கேன் எங்கே சேவ் ஆக வேண்டும் என்று கேட்கும் இடத்தில் இதையே கொடுங்கள். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போனால் ‘டிஃபால்ட் லோக்கல் ஃபைல் லொகேஷன்’ இருக்கும், அதிலும் இதுதான். லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்கள் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், பாத்ஸ் என்று போய் ‘மை டாகுமென்ட்ஸ்’ வரியை மாற்றுங்கள். பிறகு ஒவ்வொரு புரோகிராமிலும் (ஃபயர்ஃபாக்ஸில் ஒவ்வொரு வெப்சைட்டிலும்) ஒரு முறை ‘டுடே’ ஃபோல்டருக்குப் போய் ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து, ஒரு முறை சேவ் செய்யுங்கள். ஜன்னலின் ஞாபகத்தில் இந்த இடம் பதிவது அந்த நொடியில்தான். இதை விட்டால் மேலே செய்ததெல்லாம் வீண்.

ஸ்கேனும் டவுன்லோடும் ஒரே இடத்தில் விழுவதில் இன்னொரு லாபம் உண்டு, அதை உங்கள் கடைகளில்தான் பார்த்தேன். ஃபைல் சைஸ் அதிகம் என்று சொல்லி சைட் திருப்பி அனுப்புகிறது. நீங்கள் ஏதோ ஒரு ஆன்லைன் சைட்டில் போட்டுச் சுருக்குகிறீர்கள். சுருங்கிய ஃபைல் டவுன்லோட்ஸில் விழுகிறது. ஜன்னலோ ஸ்கேன் ஃபோல்டரில் திறந்து பழைய பெரிய ஃபைலையே காட்டுகிறது. அதையே மறுபடி கிளிக் செய்துவிட்டு, சுருக்கிய பிறகும் சைட் ஏற்கவில்லையே என்று சலித்துக்கொள்கிறீர்கள். இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் இந்தக் குழப்பம் வராது. கூடவே ஒன்று: முகம் தெரியாத சைட்டில் அடுத்தவரின் ஆதாரைப் போட்டுச் சுருக்காதீர்கள். ஸ்கேன் செய்யும்போதே 150 டிபிஐ வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சைஸ் அடங்கிவிடும்.

வேலை முடிந்து அவர் பணம் கொடுக்கும்போது, அவர் கண் முன்னாலேயே ‘டுடே’யைத் திறந்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து, ஷிஃப்டோடு டெலீட் அழுத்துங்கள். ஷிஃப்ட் இல்லாமல் அழுத்தினால் ரீசைக்கிள் பின்னில் போய் உட்கார்ந்திருக்கும். “நாளைக்கு வர்றேன், வச்சிருங்க” என்று சொல்கிறவர்களுக்கு மட்டும் ‘பெண்டிங்’ என்று வேறொரு ஃபோல்டர் வையுங்கள். அது டெஸ்க்டாப்பில் வேண்டாம். பெயர், இனிஷியல், தேதி எழுதி அதற்குள் நகர்த்துங்கள், வாரம் ஒரு முறை அதையும் சுத்தம் செய்யுங்கள். மறந்துவிடும் என்று பயமிருந்தால் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ உண்டு. அது விண்டோஸ் இருக்கும் டிரைவில் (பெரும்பாலும் சி) மட்டும்தான் வேலை செய்யும்; ‘டுடே’ அங்கே இருந்தால், டவுன்லோட்ஸில் ஒரு நாளாகத் திறக்கப்படாத ஃபைலை அதுவே அழிக்கும்படி வைக்கலாம். நாமாகப் போய் மாற்றாதவரை அது டவுன்லோட்ஸைத் தொடாது.

கடைக் கணக்கு, ஜி.எஸ்.டி. பில், குடும்ப போட்டோ எல்லாம் வாடிக்கையாளர் வேலை நடக்கும் அதே யூசரில் இருந்தால், தயவுசெய்து விண்டோஸில் இன்னொரு யூசர் போடுங்கள். ஜன்னலின் ஞாபகம் ஒவ்வொரு யூசருக்கும் தனி. உங்கள் வீட்டு விஷயமும் கவுன்டரில் திறந்து கிடக்காது.

இ-ஆதார் பி.டி.எஃப். பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் பாஸ்வேர்டு என்ன என்று உங்கள் எல்லாருக்கும் மனப்பாடம்: பெயரின் முதல் நான்கு எழுத்து பெரிய எழுத்தில், பிறகு பிறந்த வருஷம். ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கிறதே என்று ‘பிரின்ட் டு பி.டி.எஃப்.’ கொடுத்து பூட்டு இல்லாத பிரதி ஒன்றை எடுத்து வைக்கிறீர்கள். அந்தப் பிரதி எந்த ஃபோல்டரில் போய் விழுந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. அதுவும் ‘டுடே’யில்தான் விழ வேண்டும், அதுவும் அழிய வேண்டும். முழு நம்பர் தேவைப்படாத இடங்களுக்குக் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் இருக்கிறது. டவுன்லோட் செய்யும் பக்கத்திலேயே அந்தப் பெட்டியை டிக் செய்யலாம். வருகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

2022 மே 27-ம் தேதி ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகமே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இன்டர்நெட் மையங்களின் பொதுக் கம்ப்யூட்டரில் இ-ஆதார் இறக்குவதைத் தவிருங்கள், இறக்கினால் எல்லாப் பிரதிகளையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று அதில் இருந்தது. இரண்டே நாளில், மே 29 அன்று, மக்கள் தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது என்று சொல்லி மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. என்னைக் கேட்டால், அழித்துவிடுங்கள் என்ற அந்த ஒரு வாக்கியத்தையாவது விட்டு வைத்திருக்கலாம். பொதுக் கம்ப்யூட்டரைத் தவிருங்கள் என்று சொல்வது சுலபம். வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாதவர் எங்கே போவார்? உங்களிடம்தான் வருவார். 2011-ல் மத்திய அரசு போட்ட சைபர் கஃபே விதிகள், வருகிறவரின் அடையாளத்தைப் பதிவேட்டில் ஒரு வருஷம் வைத்திருக்கச் சொல்கின்றன, கேபின் தடுப்பு நாலரை அடிக்கு மேல் போகக்கூடாது என்றுகூடச் சொல்கின்றன. கம்ப்யூட்டரில் விட்டுப்போன ஃபைலை என்ன செய்வது என்பது உங்கள் மனசாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. 2023-ல் வந்த தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டம் அடுத்தவர் தகவலைக் கையாளுகிறவர்களுக்குப் பொறுப்பு இருக்கிறது என்கிறது. ஆனால் நான் சட்டத்தைக் காட்டி எழுதவில்லை. அந்த இறப்புச் சான்றிதழ் யாருடைய வீட்டில் நடந்த இழவோ, அதை முன்பின் தெரியாத நாங்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அதனால்தான் எழுதுகிறேன்.

மற்ற கோளாறுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

‘ஓப்பன்’ கொடுத்தால் ஜன்னல் வராமல் நிமிஷக்கணக்கில் சுற்றுகிறதா? பெரும்பாலும் அது ஞாபகம் வைத்திருக்கும் இடம் இப்போது இல்லை. கழற்றிப் போன பென் டிரைவாக இருக்கலாம். அல்லது முதல் கம்ப்யூட்டரில் ஷேர் செய்த ஃபோல்டராக இருந்து, அந்த முதல் கம்ப்யூட்டர் இன்னும் ஆன் ஆகாமல் இருக்கலாம். காலையில் கடை திறந்ததும் மட்டும் இந்தத் தொல்லை வந்தால் இதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் ‘குவிக் ஆக்சஸ்’ பட்டியலில் இறந்துபோன நெட்வொர்க் ஃபோல்டர் இருந்தால் ‘அன்பின்’ (unpin) கொடுத்து எடுத்துவிடுங்கள். ‘டுடே’ ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் தனித்தனியாக இருக்கட்டும்.

சேவ் செய்த ஃபைல் காணாமல் போனால் இரண்டு இடத்தைச் சந்தேகப்படுங்கள். ஒன்று ஒன்டிரைவ். விண்டோஸை நிறுவும்போது மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் கொடுத்திருந்தால் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ் இரண்டும் உங்களுக்குத் தெரியாமலே ஒன்டிரைவுக்குள் இடம் மாறியிருக்கலாம். அப்படியானால் வாடிக்கையாளரின் பத்திரமெல்லாம் உங்கள் பெயரில் இன்டர்நெட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. இலவசமாகக் கொடுக்கும் 5 ஜி.பி. நிறைந்ததும் ஓயாமல் எச்சரிக்கை வரும். ஒன்டிரைவ் செட்டிங்ஸில் பேக்கப்பை நிறுத்துங்கள். நிறுத்தியதும் டெஸ்க்டாப் காலியாகத் தெரியலாம், பதற வேண்டாம்; ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் பத்திரமாக இருக்கும், அங்கிருந்து நகர்த்திக்கொள்ளலாம். வேர்டில் ‘சேவ் டு கம்ப்யூட்டர் பை டிஃபால்ட்’ என்பதையும் டிக் செய்துவிடுங்கள். இன்னொரு இடம் டெம்ப் ஃபோல்டர். ஜிப்புக்குள் இருப்பதையோ மெயிலில் வந்ததையோ நேராகத் திறந்து திருத்தி சேவ் கொடுத்தால், அது கண்ணுக்குத் தெரியாத தற்காலிக ஃபோல்டரில் போய்விடுகிறது. வேர்டில் எஃப்12 அழுத்தினால் பழைய ‘சேவ் ஆஸ்’ ஜன்னல் வரும். முதலில் ‘டுடே’யில் சேவ் செய்துவிட்டு அப்புறம் திருத்துங்கள்.

இனி, ஃபோல்டர் பெயர் ஏன் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பேனர், கண்ணீர் அஞ்சலி என்று தமிழில் அடித்துக் கொடுக்க உங்களில் பலர் இன்னும் பேஜ்மேக்கர் 7 வைத்திருக்கிறீர்கள். 2001-ல் வந்த புரோகிராம் அது, யூனிகோடு அறியாதது. ஃபைலுக்குள் பாமினியோ வேறு பழைய ஃபான்டோ போட்டு அடித்தால் தமிழ் வரும். ஆனால் ஃபோல்டருக்கு யூனிகோடு தமிழில் பெயர் வைத்தால் அது கேள்விக்குறிகளாக மாறி, அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று சொல்லிவிடும். இப்படிப்பட்ட பழைய புரோகிராம்கள் நம்பியிருக்கும், யூனிகோடுக்கு முந்தைய குறியீட்டு அட்டவணை பல மொழிகளுக்கு விண்டோஸில் உண்டு. ரஷ்ய மொழிக்கு உண்டு, அரபிக்கு உண்டு, தாய்லாந்து மொழிக்குக்கூட உண்டு. தமிழுக்கும் கன்னடத்துக்கும் கிடையாது. நாமும் கன்னடத்துக்காரரும் நேராக யூனிகோடில்தான் விண்டோஸுக்குள் நுழைந்தோம். அதனால் பேஜ்மேக்கர் போகும் வழியில் உள்ள எல்லா ஃபோல்டரும் ஆங்கிலப் பெயரில் இருக்க வேண்டும். விண்டோஸ் யூசர் ஃபோல்டரும் இதில் சேர்த்தி. புதிய புரோகிராம்களில் தாராளமாகத் தமிழில் பெயர் வையுங்கள், அது நம் உரிமை. லினக்ஸ் போட்டிருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். மெய்க்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனியாக இடம் போவதால், நீளமான தமிழ்ப் பெயரோடு விண்டோஸிலிருந்து வரும் ஃபைல் காப்பி ஆகாமல் நின்றுவிடும். உபுண்டுவில் மொழியைத் தமிழுக்கு மாற்றி மறுபடி லாகின் செய்தால், டவுன்லோட்ஸ் போன்ற ஃபோல்டர்களின் பெயரையும் தமிழுக்கு மாற்றட்டுமா என்று கேட்கும். கடைக் கம்ப்யூட்டரில் பழைய பெயரையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழைய ஃபைல்கள் ஒரு ஃபோல்டரிலும் புதியவை இன்னொன்றிலுமாகச் சிதறிவிடும்.

இதையெல்லாம் செய்ய ஒரு கம்ப்யூட்டருக்கு அரை மணி நேரம் பிடிக்கும். ராத்திரி ஷட்டரை இறக்குவதற்கு முன் ஒன்றை மட்டும் முடியுங்கள், மறுநாள் அடுத்தது. முதலில் ஸ்கேனர் மாட்டியிருக்கும் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள், ஆபத்து அங்கேதான் அதிகம். ஜன்னலில் படங்கள் பெரிதாகத் தெரிவதை இன்றைக்கே ‘டீடெய்ல்ஸ்’ வியூவுக்கு மாற்றிவிடுங்கள், அதற்கு ஒரு நிமிஷம் போதும். செட்டிங்ஸ் எதுவும் பிடிபடவில்லை என்றால் கூப்பிடுங்கள். நான் இதே ஏரியாவில்தான் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து கூட உட்கார்ந்து செய்து தருகிறேன், காசு வேண்டாம். கவுன்டரில் ஒட்டுவதற்குத் தமிழ், கன்னடம், ஆங்கிலம், உருது நான்கிலும் ஒரு சீட்டு அடித்து வைத்திருக்கிறேன். ‘வேலை முடிந்ததும் உங்கள் ஃபைல்களை உங்கள் முன்னாலேயே அழிக்கிறோம். மறந்தால் கேளுங்கள்’ என்று மட்டும் அதில் இருக்கிறது. வேண்டுமென்கிற கடைக்குக் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கடைகளுக்கு வந்துபோகும் காக்ஸ் டவுன்வாசி ஒருவர்